கருவிழி தெளிந்தும் பார்வை வரவில்லையா? கண்புரை ஆபரேஷனுக்குப் பிந்திய வீக்கத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கண்புரை ஆபரேஷன் முடிந்து மறுநாள் கட்டைப் பிரிக்கிறார்கள். அதே நாளில் ஆபரேஷன் செய்துகொண்ட இன்னொருவர் சுவர்க் கடிகாரத்தில் மணி பார்த்துச் சொல்கிறார், நமக்கோ ஆவி படிந்த கண்ணாடி வழியாகப் பார்ப்பது போல எல்லாம் மங்கல். 'கருவிழி கொஞ்சம் வீங்கியிருக்கிறது, சரியாகிவிடும்' என்கிறார் டாக்டர். கருவிழி என்று இங்கே சொல்வது கண்ணின் முன்பக்கத்துத் தெளிந்த படலத்தை, கார்னியாவை. பெரும்பாலும் சரியாகியும்விடுகிறது. ஆகாமல் போனவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவர்களில் சிலர் கடைசியில் கருவிழி மாற்று ஆபரேஷன் வரை போகிறார்கள், அதுவும் நன்றாகவே நடந்து, டாக்டரும் 'கருவிழி கண்ணாடி மாதிரி இருக்கிறது' என்று சொன்ன பிறகும், எதிர்பார்த்த பார்வை வராமல் குழம்பி நிற்கிறார்கள். கருவிழி தெளிவது ஒன்று, பார்வை வருவது வேறொன்று. இந்த வித்தியாசம் தெரியாததால் வரும் தவறுகள்தான் அதிகம்.

முதலில் ஏன் வீங்குகிறது என்று பார்த்துவிடலாம், அது புரிந்தால் மற்றதெல்லாம் எளிது. கருவிழி சுமார் அரை மில்லிமீட்டர் தடிமன்தான். அதன் உள்பக்கச் சுவரில் ஒரே ஒரு வரிசையாகச் செல்கள் ஒட்டியிருக்கின்றன, எண்டோதீலியம் என்பார்கள். ஓட்டைப் படகில் உட்கார்ந்து, ஊறும் தண்ணீரை ஓயாமல் இறைத்துக்கொண்டிருப்பவர்களைப் போல, கண்ணுக்குள்ளிருந்து கருவிழிக்குள் கசியும் நீரை இந்தச் செல்கள் திரும்பவும் உள்ளே இறைத்துவிடுகின்றன. வளர்ந்தவர்களுக்குச் சதுர மில்லிமீட்டருக்கு 2,500 செல்கள் அளவில் இருக்கும். வயது ஏற ஏற வருடத்துக்கு 0.6 சதவீதம் போல இயல்பாகவே குறையும். போன செல் போனதுதான், அந்த இடத்தில் புதிது பிறப்பதில்லை, பக்கத்திலிருப்பவை கொஞ்சம் அகண்டு இடத்தை நிரப்பிக்கொள்ளும். எண்ணிக்கை 500 அல்லது அதற்கும் கீழே போய்விட்டால் இறைக்க ஆள் போதாது, படகில் தண்ணீர் ஏறிவிடும்.

எந்தக் கண்புரை ஆபரேஷனிலும் இந்தச் செல்களில் கொஞ்சம் சேதமாகும். புரை மிகவும் முற்றி இறுகியிருந்தால், ஆபரேஷன் நீண்டுபோனால், லென்ஸின் பின்பக்கப் பை கிழிந்துபோனால் சேதம் கூடும். ஏற்கெனவே ஃபூக்ஸ் டிஸ்ட்ரோஃபி என்ற கோளாறு இருந்து, செல்கள் முன்பே குறைந்துபோன கண்ணாக இருந்தால் சொல்லவே வேண்டாம். எனவே வீக்கம் வந்ததுமே 'டாக்டர் கெடுத்துவிட்டார்' என்று முடிவு கட்டுவது முதல் தவறு. சில சமயம் அது உண்மையாக இருக்கலாம்தான். ஆனால் அந்தக் கோபத்தில் ஆபரேஷன் குறிப்பைக்கூட வாங்காமல் வேறு மருத்துவமனைக்குப் போய்விடுகிறார்கள் பாருங்கள், அங்கேதான் நஷ்டம். எந்த வகை லென்ஸ் வைத்தார்கள், பை கிழிந்ததா, கண்ணுக்குள் துண்டு ஏதும் தங்கியதா என்பதெல்லாம் அந்தக் காகிதத்தில்தான் இருக்கும். சண்டை அப்புறம் போடலாம், காகிதத்தை முதலில் வாங்குங்கள்.

அடுத்தது, காரணத்தைத் தேடாமல் வீக்கத்துக்கு மட்டும் மருந்து ஊற்றிக்கொண்டிருப்பது. எல்லா வீக்கமும் செல்கள் செத்ததால் வருவதில்லை. டெஸ்ஸிமெட் என்ற மெல்லிய உள்சவ்வு, ஆபரேஷன் செய்த வெட்டு வழியாக உரிந்து தொங்கிக்கொண்டிருக்கலாம். அப்படியானால் கண்ணுக்குள் காற்றுக் குமிழியோ கேஸோ செலுத்தி அதைத் திரும்ப ஒட்டவைத்துவிடலாம், மாற்று ஆபரேஷனே தேவைப்படாமல் போகும். புரையின் சிறு துண்டு ஒன்று கருவிழியின் கீழ்மூலையில் ஒளிந்துகொண்டு உரசிக்கொண்டிருக்கலாம், எடுத்துவிட்டால் போதும். கண் அழுத்தம் ஏறியிருக்கலாம். உள்ளே அழற்சி அடங்காமல் இருக்கலாம். கண்ணின் அடுக்குகளை ஒளியால் படமெடுக்கும் ஓசிடி ஸ்கேனும், கண்ணின் மூலைகளை லென்ஸ் வைத்துப் பார்க்கும் சோதனையும் செய்தார்களா என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

சரி, எவ்வளவு நாள் காத்திருப்பது? இதில் இரண்டு பக்கமும் தவறுகிறார்கள். இரண்டாவது வாரமே 'மாற்றிவிடுங்கள் டாக்டர்' என்று நிற்பவர்களும் உண்டு. சேதமான செல்கள் மீண்டு, மீதியிருப்பவை அகண்டு வேலையை ஏற்றுக்கொள்ள வாரங்கள் ஆகும், பொதுவாகச் சுமார் மூன்று மாதம் பார்ப்பார்கள். மறுபக்கம், மூன்று மாதம் மூன்று வருடமாகியும் 'அதுவா சரியாகும்' என்று இருப்பவர்கள். இவர்கள் இழப்பதுதான் அதிகம். நாட்பட்ட வீக்கத்தில் மேல்தோலுக்கு அடியில் தழும்புத் திசு படரும், கருவிழியின் நடு அடுக்கும் தெளிவை இழக்கும். இந்த நிலையில் உள்வரிசைச் செல்களை மட்டும் மாற்றினால் நீர் வடியும், தழும்பு வடியாது. கொஞ்ச மாதங்களுக்கு முன் வந்திருந்தால் மெல்லிய படலம் மாற்றுவதோடு முடிந்திருக்கும், இப்போது முழுக் கருவிழியையும் மாற்ற வேண்டியிருக்கிறது என்று டாக்டர் சொல்வது இதனால்தான். போதாததற்கு, மேற்பரப்பில் நீர்க் கொப்புளங்கள் வந்து உடையும், உடையும்போது தூக்கம் கலைக்கிற வலி, உடைந்த இடத்தில் கிருமித் தொற்றுக்கும் வழி.

காலையில் மங்கலாகவும் மதியத்துக்கு மேல் தெளிவாகவும் தெரிகிறதே, அப்படியானால் குணமாகி வருகிறது என்றும் ஒரு நம்பிக்கை. இல்லை. தூங்கும்போது இமை மூடியிருப்பதால் கருவிழியிலிருந்து நீர் ஆவியாக வழியில்லை, விழித்திருக்கும்போது கொஞ்சம் ஆவியாகிறது, அவ்வளவுதான். மங்கல் விலகும் நேரம் நாளுக்கு நாள் முன்னே வருகிறதா, பின்னே தள்ளிப்போகிறதா என்று ஒரு தாளில் குறித்து வாருங்கள். காலை எட்டு மணிக்குத் தெளிந்தது இப்போது பதினொன்றாகிவிட்டது என்றால் செல்கள் தோற்றுக்கொண்டிருக்கின்றன. டாக்டருக்கு இந்தத் தாள் ஒரு பரிசோதனை முடிவுக்குச் சமம்.

5 சதவீத உப்புச் சொட்டு மருந்தும் களிம்பும் இங்கே சேர்ந்துகொள்ளும். மேல்தோலில் தேங்கிய நீரை உறிஞ்சுகிறது, காலை மங்கலைக் குறைக்கிறது, எரிச்சலும் கொடுக்கிறது. நல்ல கைத்தடி. ஆனால் செத்த செல்லை அது எழுப்பாது. வலிக்காகப் போடும் பேண்டேஜ் கான்டாக்ட் லென்ஸும் அப்படியே. அதைப் போட்டுவிட்டு, வலி போய்விட்டதே என்று மாதக்கணக்கில் டாக்டரிடம் போகாமலிருப்பது ஆபத்து, லென்ஸுக்கு அடியில் தொற்று வந்தால் இருக்கிற பார்வையும் போகும்.

இனி நான் பெரிதென்று நினைக்கும் தவறு. மாற்று ஆபரேஷனுக்குத் தேதி வாங்குகிறார்கள், கண்ணின் பின்பக்கம் எப்படியிருக்கிறது என்று கேட்பதே இல்லை. கருவிழி ஜன்னல் மாதிரி. அழுக்கான ஜன்னலை மாற்றலாம், அறைக்குள் விளக்கு எரியாவிட்டால் ஜன்னல் என்ன செய்யும்? சிக்கலான கண்புரை ஆபரேஷனுக்கு ஆளான கண்ணில் விழித்திரையின் மையத்தில், மாகுலாவில், நீர் கோத்திருப்பது சாதாரணம். கிளாகோமா என்ற கண் அழுத்த நோய் சேர்ந்திருந்தால் பார்வை நரம்பு மெலிந்திருக்கும். வயதால் வரும் மாகுலா தேய்மானம், சர்க்கரை நோயால் வந்த விழித்திரைச் சேதம், இவை எல்லாமே மங்கலான கருவிழிக்குப் பின்னால் வெளியே தெரியாமல் இருக்கும். கருவிழி தெளிந்த பிறகுதான் 'அய்யோ, உள்ளே இப்படியா' என்று தெரியவரும்.

மங்கலான கருவிழி வழியாகவும் ஓரளவு பார்க்க வழியிருக்கிறது. பி ஸ்கேன் என்ற ஒலி அலைச் சோதனையில் விழித்திரை பிரிந்திருக்கிறதா என்று தெரியும். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கண் சரியாகச் சொல்கிறதா, கண்பாப்பா ஒளிக்குச் சுருங்குகிறதா என்று பார்ப்பார்கள். வீக்கம் மிதமாக இருந்தால் ஓசிடியில் மாகுலாகூடத் தெரியலாம். வீக்கத்துக்கு முன்பு எடுத்த பழைய ரிப்போர்ட் இருந்தால் தங்கம், தேடி எடுத்துக்கொண்டு போங்கள். கண் அழுத்தத்திலும் ஒரு பொறி இருக்கிறது: நீர் கோத்துத் தொளதொளத்த கருவிழியில் வழக்கமான முறையில் அளந்தால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டக்கூடும். 'பிரஷர் நார்மல்' என்று எழுதியிருப்பதை அப்படியே நம்பி கிளாகோமாவைக் கோட்டைவிட்ட கண்கள் உண்டு. வேறு கருவியாலும் ஒருமுறை அளந்துபார்க்க முடியுமா என்று கேட்கலாம்.

இந்த இடத்தில் ஒரு கணக்கு. அமெரிக்காவில் நடந்த கார்னியா டோனர் ஸ்டடி என்ற பெரிய ஆய்வில் சுமார் 1,100 பேருக்கு முழுக் கருவிழி மாற்று செய்து பல வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். ஐந்து வருடத்தில் ஃபூக்ஸ் கோளாறுக்காக மாற்றியவர்களில் 7 சதவீதம் பேருக்கு ஒட்டு, அதாவது மாற்றி வைத்த கருவிழி, தோற்றது, கண்புரை ஆபரேஷனுக்குப் பிந்திய வீக்கத்துக்காக மாற்றியவர்களில் அது 27 சதவீதம். பத்து வருடத்தில் அது முறையே 20 சதவீதம், 37 சதவீதம். கிளாகோமா இருந்தவர்களுக்கு நிலைமை இன்னும் மோசம். அதே ஆபரேஷன், அதே தரமான தானக் கருவிழிகள். ஒட்டைப் பெற்ற கண்தான் வேறு. பக்கத்து வீட்டுக்காரருக்கு ஃபூக்ஸுக்காகச் செய்து அருமையாகத் தெரிகிறது என்பதை வைத்து உங்கள் கண்ணை எடை போடக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

பார்வை நரம்பு முழுக்கப் போய்விட்ட கண் என்றால், வலிக்காகத்தான் ஆபரேஷன், பார்வைக்காக அல்ல என்பதை முன்பே பேசிக்கொள்ள வேண்டும். அந்த நிலையில் தானக் கருவிழியே வேண்டாம், கொப்புளத்தின் மேல் அம்னியாட்டிக் சவ்வு (கருவைச் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வு) ஒட்டுவது போன்ற எளிய வழிகளிலேயே வலி தீர வாய்ப்பிருக்கிறது.

எந்த வகை மாற்று என்பதில் இணையத்தைப் படித்துவிட்டுப் போய் அடம்பிடிப்பதும் நடக்கிறது. மூன்று வகை என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுத் தடிமனையும் வட்டமாக வெட்டி மாற்றுவது பழைய வழி, எட்வர்ட் ஸிர்ம் 1905-இல் முதன்முதலாக வெற்றிகரமாகச் செய்தது இதைத்தான். இதில் பெரும்பாலும் பதினாறு தையல் போல விழும், தையல் எடுத்து முடிய ஒரு வருடத்துக்கு மேலாகும், அதுவரை பார்வை அலைபாயும், எடுத்த பிறகும் கருவிழி கோணலாகி நான்கு ஐந்து பவர் சிலிண்டர், அதாவது கோணலைச் சரிசெய்யும் பவர், நிற்பது சகஜம். இரண்டாவது டிசேக்: உள்வரிசைச் செல்களோடு கருவிழியின் ஒரு மெல்லிய தகட்டையும் சேர்த்து, 100 முதல் 200 மைக்ரான் தடிமனில், உள்ளே செலுத்தி ஒட்டுவது. மூன்றாவது டிமெக்: நெதர்லாந்தின் கெரிட் மெல்லஸ் 2006-இல் கொண்டுவந்தது, செல்வரிசையும் அதன் சவ்வும் மட்டும், 10 முதல் 15 மைக்ரான், வெங்காயச் சருகைவிட மெல்லியது, தண்ணீரில் விட்டால் தானே சுருண்டுகொள்ளும்.

கண் மற்றபடி நன்றாக இருந்தால் டிமெக்கில் பார்வை சீக்கிரம் வரும், கூர்மையும் கூடுதல், உடல் நிராகரிப்பதும் குறைவு. ஒரே மருத்துவக் குழு 2012-இல் வெளியிட்ட ஒப்பீட்டில் இரண்டு வருடத்தில் நிராகரிப்பு டிமெக்கில் 1 சதவீதம், டிசேக்கைச் சேர்ந்த வகையில் 12, முழு மாற்றில் 18. இதைப் படித்த யாருக்கும் டிமெக்தான் வேண்டும் என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. ஆனால் கண்புரை ஆபரேஷனில் அடிபட்ட கண் பல சமயம் சாதாரணக் கண் அல்ல. கருவிழி மிக மங்கலாக இருந்தால் அந்தச் சருகை உள்ளே விரிப்பதைப் பார்க்கவே முடியாது. பின்பக்கப் பை இல்லை, கண்ணின் பின்பக்க ஜெல்லான விட்ரியஸை எடுத்தாகிவிட்டது, கருமணித் திரையில் (ஐரிஸில்) பெரிய ஓட்டை, கிளாகோமாவுக்காகக் குழாய் வைத்திருக்கிறது என்றால் ஒட்டைப் பிடித்து நிறுத்தும் காற்றுக் குமிழி நிற்காது, ஒட்டு பின்பக்கம் விழுந்துவிடக்கூட வாய்ப்புண்டு. அங்கே டிசேக் பத்திரம். உங்கள் மாதிரிக் கண்ணில் உங்கள் டாக்டர் கை பழகிச் செய்வது எதுவோ அதுவே நல்ல ஆபரேஷன் என்பது என் கருத்து. அதே பேச்சில், லென்ஸைப் பற்றியும் கேட்டுவிடுங்கள். கருமணித் திரைக்கு முன்னால் வைத்த லென்ஸ் கருவிழியை உரசிக்கொண்டிருந்தால், அதை எடுக்காமல் புது ஒட்டு வைப்பது வீண், அதுவும் சில வருடத்தில் அதே வழியில் போகும்.

ஆபரேஷன் நாளில் செய்யும் தவறு ஒன்றே ஒன்றுதான், மல்லாந்து படுக்காமலிருப்பது. டிசேக், டிமெக் இரண்டிலும் பெரும்பாலும் தையலே இல்லாமல் குமிழிதான் ஒட்டை மேலே தள்ளிப் பிடித்திருக்கிறது. குமிழி எப்போதும் மேல்நோக்கித்தான் மிதக்கும், ஆகவே முகம் கூரையைப் பார்க்க வேண்டும். எழுந்து உட்கார்ந்து டிவி பார்த்தால் குமிழி ஓரத்துக்குப் போய்விடும். ஒட்டு விலகினால் மறுபடி குமிழி விடலாம், டிமெக்கில் இது அடிக்கடி தேவைப்படுகிறது, அதைத் தோல்வி என்று நினைத்து இடிந்துபோக வேண்டாம். அன்று இரவே கண்ணில் கடும் வலியும் குமட்டலும் வந்தால் மாத்திரை போட்டுத் தூங்கிவிடாதீர்கள், குமிழி நீர்ப்பாதையை அடைத்து அழுத்தம் ஏறியிருக்கலாம், உடனே போக வேண்டும். குமிழிக்குக் காற்றுக்குப் பதில் கேஸ் பயன்படுத்தியிருந்தால் அது கரையும்வரை விமானத்தில் ஏறக் கூடாது, உயரத்தில் கேஸ் விரியும்.

கண்ணாடிக்கு அவசரப்படுவதும் உண்டு. டிசேக்குக்குப் பிறகு பவர் ஒரு பிளஸ் அளவுக்கு நகர்வது வழக்கம், டிமெக்கில் குறைவாக. கருவிழி வடிந்து நிலைக்கும்வரை பவர் மாறிக்கொண்டே இருக்கும். டிமெக் என்றால் ஒன்று முதல் மூன்று மாதம், டிசேக் என்றால் மூன்று முதல் ஆறு, முழு மாற்று என்றால் ஒரு வருடம் தாண்டி. முழு மாற்றில் கண்ணாடியால் தெளியாதது கடினமான கான்டாக்ட் லென்ஸில் தெளியும், அதைப் போட்டுப் பார்க்காமலே 'இவ்வளவுதான் போல' என்று விட்டுவிடுகிறார்கள்.

இனி சொட்டு மருந்து. எல்லாம் சரியாக நடந்து, நல்ல பார்வையும் வந்து, அப்புறம் கெட்டுப்போகிற கதைகளில் பல இங்கேதான் முடிகின்றன. ஸ்டீராய்டு சொட்டு மருந்தை மாதக்கணக்கில், சிலர் வருடக்கணக்கில், நாளுக்கு ஒரு சொட்டாகவாவது விட வேண்டியிருக்கும். கண் வெள்ளை வெளேரென்று இருக்கிறது, நன்றாகத் தெரிகிறது, இனி எதற்கு என்று நிறுத்துகிறார்கள். பாட்டில் தீர்ந்துபோய் அடுத்த விசிட்டுக்கு இரண்டு வாரம் இருக்கிறது, அப்போது வாங்கிக்கொள்ளலாம் என்று விடுகிறார்கள். ஒட்டிலிருக்கும் செல்கள் இன்னொருவருடையவை என்பதை உடல் மறப்பதில்லை. மறுபக்கம், அதே ஸ்டீராய்டு சிலருக்குக் கண் அழுத்தத்தை ஏற்றும், ஏற்கெனவே கிளாகோமா உள்ளவர்களுக்கு அது இரட்டைக் கத்தி. தானாக நிறுத்தவும் கூடாது, அழுத்தம் பார்க்காமல் தானாகத் தொடரவும் கூடாது. சொட்டு மருந்துச் சீட்டைக் கடையில் நீட்டி வருடக்கணக்கில் வாங்கி விட்டுக்கொண்டிருப்பவர்கள் தங்களை ஒழுங்கானவர்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள், அழுத்தமோ சத்தமில்லாமல் நரம்பைத் தின்றுகொண்டிருக்கும்.

கண் சிவத்தல், வெளிச்சம் பட்டால் கூசுதல், பார்வை மங்குதல், வலி. இந்த நான்கில் ஒன்று வந்து சில மணி நேரத்தில் போகவில்லை என்றால் அன்றே காட்டுங்கள், திங்கட்கிழமை வரை பொறுக்க வேண்டாம். நிராகரிப்பை ஆரம்பத்தில் பிடித்து மருந்தை அடிக்கடி விட்டால் பெரும்பாலும் அடக்கிவிடலாம், தாமதித்தால் அந்த இடைவெளியில் செத்த செல்கள் திரும்பி வராது. டிமெக்கில் எந்த அறிகுறியும் இல்லாமலே நிராகரிப்பு தொடங்கக்கூடும், ஆகவே நன்றாக இருக்கும்போதும் செக்கப்புக்குப் போக வேண்டும். முழு மாற்று செய்தவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: தையல் போட்ட விளிம்பு பழைய வலுவை ஒருபோதும் பெறுவதில்லை, பத்து வருடம் கழித்தும் ஒரு பந்தோ குழந்தையின் முழங்கையோ பட்டால் பிரிந்துவிடலாம். பாதுகாப்புக் கண்ணாடி போடச் சொல்வது சும்மா இல்லை.

ஊசியில் செல்லைச் செலுத்தும் சிகிச்சை வந்துவிட்டது, அதற்காகக் காத்திருக்கலாமா என்றும் கேட்கிறார்கள். ஜப்பானில் வளர்த்தெடுத்த செல்களைக் கண்ணுக்குள் செலுத்தி 11 பேருக்கு நல்ல பலன் கிடைத்ததாக 2018-இல் ஆய்வு வெளியானது, 2023-இல் அந்த நாடு இந்த முறைக்கு அனுமதியும் கொடுத்தது. மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் தழும்பு படர்ந்துகொண்டிருக்கும் கண்ணோடு அது வரட்டும் என்று உட்கார்ந்திருந்தால், வரும்போது அதுவும் பயன்படாத நிலைக்குக் கண் போயிருக்கும்.

கடைசியாக, இன்னொரு கண். ஒரு கண்ணுக்கு இத்தனை பாடும் பட்டவர், இரண்டாவது கண்ணில் புரை முற்றும்வரை பயந்து ஒதுங்கியிருக்கிறார், முற்றிய புரைக்குத்தான் செல் சேதம் அதிகம். அந்தக் கண்ணின் உள்வரிசைச் செல்களை ஸ்பெகுலர் மைக்ரோஸ்கோப் வைத்து எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள், சில நிமிட வேலை, கண்ணைத் தொடக்கூடத் தேவையில்லை. எண்ணிக்கை குறைவாகவோ ஃபூக்ஸ் அடையாளமோ இருந்தால் அதை ஆபரேஷன் செய்யும் டாக்டர் முன்கூட்டியே தெரிந்துகொண்டு, செல்களைக் காக்கும் ஜெல்லைத் தாராளமாக விட்டு, புரை இறுகும் முன்பே, கவனமாகச் செய்வார்.